புளூயிங் செய்த குழலில் இறுகிப்போன பசை: பூச்சு போகாமல் எடுப்பது எப்படி?

புதுக்குறி கேட்டது:

வணக்கம். குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள். எஃகுக் குழல், பளபளப்பான கறுநீல புளூயிங், வால்நட் மரக் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி). முன்பு வைத்திருந்தவர் ஃப்ரண்ட் சைட்டை, அதாவது குறிபார்க்கும் முன்முனைப் பாகத்தை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார். சைட் கழன்றுவிட்டது, பசை மட்டும் குழல் மேல் நிற்கிறது. ஏறத்தாழ 30 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம். ஓரங்களில் கண்ணாடி போல மெல்லியதாகவும், நடுவில் தேன் நிறத்தில் 1 மி.மீ. தடிப்பாகவும் இருக்கிறது. இரண்டு வேறு பசைகளோ என்று சந்தேகம். இது தவிர ரெசீவரின் (குழலுக்குப் பின்னுள்ள உலோக உடல்) இடப்பக்கம் பழைய ஸ்டிக்கரின் பிசுக்கும் உண்டு.

அசிட்டோன் போட்டால் புளூயிங் போய்விடுமா? பிளேடால் சுரண்டலாமா? சூடு காட்டலாமா? வினிகரில் ஊறவைத்தால் எந்தப் பசையும் இளகும் என்று ஓரிடத்தில் படித்தேன், அது சரியா?

---

திருகாணி எழுதியது:

வினிகர் பக்கமே போகாதீர்கள். புளூயிங் என்பது மேலே பூசிய வண்ணம் இல்லை. எஃகின் மேற்பரப்பே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறியிருக்கிறது. அதன் தடிப்பு 0.5 முதல் 2.5 மைக்ரான் வரைதான். எந்த அமிலமும் அதைக் கரைக்கும். வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி எல்லாம் ஒரே கணக்கு. வினிகரில் போட்டால் உங்கள் பசை அப்படியே இருக்கும், அதைச் சுற்றி இரும்பு வெளுத்துப்போயிருக்கும்.

அசிட்டோன் விஷயம் வேறு. அது ஆக்சைடைத் தொடாது. துடைத்ததும் குழல் வெளிறிச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். புளூயிங்கின் நுண்துளைகளில் இருந்த எண்ணெய் போனதால் வரும் தோற்றம் அது, எண்ணெய் தடவினால் நிறம் திரும்பிவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த ஏர் ரைஃபிள்கள் பலவற்றில் புளூயிங் போலத் தெரிவது கறுப்பு பெயிண்ட். அசிட்டோன் அதை உரித்துவிடும். எனவே கட்டையைக் கழற்றி, கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதியில் சோதியுங்கள். பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து 30 விநாடி தேயுங்கள். லேசான பழுப்பு வந்தால் பழைய எண்ணெய் அழுக்கு. பஞ்சு கன்னங்கரேலென்று ஆனாலோ, இடம் பிசுபிசுத்தாலோ பெயிண்ட்.

அடுத்தது பசை எது என்று பார்ப்பது. குழலில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, திட்டின் ஒரு மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு, காயக் காய இன்னொன்று என 5 நிமிடம் நனைத்தே வையுங்கள். ஓரம் வெளுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று ஆனால் சூப்பர் க்ளூ. நூல் நூலாக இழுத்தால் கான்டாக்ட் சிமென்ட் வகை. ஒன்றுமே ஆகாமல் கல் போல நின்றால் பெரும்பாலும் எபாக்ஸி. அதற்கு அசிட்டோனை லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் பயனில்லை, சூடுதான் வழி. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் நடுவில் எபாக்ஸி, அது ஆடியபோது யாரோ ஓரத்தில் சூப்பர் க்ளூ விட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்காதீர்கள். சிலவற்றில் அசிட்டோனே கிடையாது, எத்தில் அசிடேட்தான். இருப்பதிலும் தண்ணீர், எண்ணெய், வாசனை எல்லாம் கலந்திருக்கும். தூய அசிட்டோன் 100 மி.லி. இந்த வேலைக்குத் தாராளம்.

---

புதுக்குறி எழுதியது:

நன்றி. மறைவிடத்தில் சோதித்தேன், பஞ்சில் லேசான பழுப்பு மட்டும். புளூயிங்தான் போல. பசையில் ஓரம் வெளுத்து மெத்தென்று ஆனது. நடுத்திட்டு அசையவில்லை. ஆனால் ஓரத்தைத் துடைத்த இடத்தில் வெள்ளைப் புகை படிந்தது போல ஒரு படலம். பூச்சு போய்விட்டதோ?

---

திருகாணி எழுதியது:

இல்லை. அது கரைந்த சூப்பர் க்ளூ திரும்பப் படிந்தது. ஒரே பஞ்சால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் பசையைக் குழல் முழுக்க மெல்லிசாகப் பூசிவிடுகிறீர்கள். ஒரு பஞ்சு, ஒரு இழுப்பு, ஒரே திசை, பிறகு குப்பை. புதுப் பஞ்சில் புது அசிட்டோன் எடுத்துத் துடைத்தால் அந்தப் புகை போய்விடும். அசிட்டோன் புட்டிக்குள் பஞ்சை முக்காதீர்கள், சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

துடைப்பதற்கு முன் ஊறவைப்பதுதான் முக்கியம். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிப்பது, திறந்து விட்டால் ஒரு நிமிடத்தில் பறந்துவிடும், பசைக்குள் இறங்க நேரமே இருக்காது. பஞ்சை இரண்டு மடிப்பாகத் திட்டின் அளவுக்கு வெட்டி, நனைத்து மேலே வைத்து, அலுமினியம் ஃபாயிலால் சுற்றி ஓரங்களை அழுத்தி மூடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மறுபடி நனைக்க வேண்டும். மெல்லிய சூப்பர் க்ளூ இரண்டு மூன்று சுற்றில் ஜெல்லாகிவிடும். சமையலறை பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் வேண்டாம். அது பி.வி.சி.யாக இருந்தால் இளகி உங்களுக்கு இன்னொரு கறையைக் கொடுக்கும்.

ஜெல்லானதைத் தள்ள மூங்கில் குச்சியை உளி போலச் சீவிக்கொள்ளுங்கள், அல்லது பிளாஸ்டிக் பிளேடு. எஃகு பிளேடு கூடவே கூடாது. தட்டையான பரப்பில் கைதேர்ந்தவர் தப்பிக்கலாம், உருண்டைக் குழலில் பிளேடின் மூலை எங்காவது இறங்கும். கோடு விழுந்தால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

குழல் வாயைப் பஞ்சு உருண்டையால் அடைத்துவிட்டு, வாய்ப் பக்கம் தாழ்வாக இருக்கும்படி சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அசிட்டோன் பின்பக்கம் வழிந்து பிரீச் சீலை (குழலின் பின்முனையில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) தொட்டால் அது ஊதிப்போகும். சீல் செய்யும் நைட்ரைல், பாலியூரித்தேன், விட்டான் மூன்றுக்குமே அசிட்டோன் ஆகாது. பிஸ்டன் காற்றை அழுத்தும் கம்ப்ரெஷன் சேம்பருக்குள் கரைப்பானோ எண்ணெயோ போனால் சுடும்போது உள்ளே டீசல் என்ஜின் மாதிரி பற்றி வெடித்து, சீலும் ஸ்பிரிங்கும் அடிவாங்கும். முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, குழலுக்குள் ஒளியடித்துப் பாருங்கள். ஒரு நார்கூட மிஞ்சக் கூடாது.

---

நீலச்சுடர் எழுதியது:

எபாக்ஸிக்கு வருகிறேன். அறை வெப்பத்தில் இறுகிய இரட்டைக் குழாய் எபாக்ஸி 80 முதல் 100 டிகிரி செல்சியஸில் கல் நிலையிலிருந்து தோல் போன்ற நிலைக்கு வரும். உருகாது, பிடியை விடும். அந்த நிலையில்தான் எடுக்க வேண்டும், ஆறினால் மறுபடி இறுகிக்கொள்ளும்.

புளூயிங்குக்கு இந்தச் சூடு ஒன்றுமில்லை. கொதிக்கும் உப்புத் தொட்டியில் செய்யும் புளூயிங்கே 140 டிகிரி வாக்கில்தான் நடக்கிறது. எஃகில் வைக்கோல் நிறம் ஏறுவது 200 டிகிரியைத் தாண்டித்தான். எனவே 100ஐ ஒட்டி நின்றால் எல்லாப் பக்கமும் பத்திரம். ஒரே விதிவிலக்கு, ஈயப் பற்று வைத்த சைட்டும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் ரிப்பும் (குழல்களோடு பற்றவைத்த நீளப் பட்டை). ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் உருகத் தொடங்கும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்.

அதனால் ஹீட் கன்னைக் குறைந்த நிலையில் வைத்து, 10 செ.மீ. தள்ளி, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருங்கள். அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பளபளக்கும் குழல் மேல் நேராகக் காட்டாதீர்கள். பளபளப்பான உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். திட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதைக் குறிவைத்து அளந்தால் சரியாக இருக்கும். கருவி இல்லையென்றால் ஒரு துளித் தண்ணீர் தொட்டு வையுங்கள். சீறிப் பறந்தால் 100ஐத் தாண்டிவிட்டது, நிறுத்துங்கள்.

இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடித்தது: தட்டை முனை சோல்டரிங் அயர்ன். முனையைப் பசையின் மேல் மட்டும் வைத்து 5 விநாடி, எடுத்து மூங்கிலால் தள்ளு, மறுபடி 5 விநாடி. சூடு பசைக்குள் போகிறது, குழல் அதை உறிஞ்சிப் பரப்பிவிடுகிறது, உலோகம் வெதுவெதுப்பைத் தாண்டாது. முனை உலோகத்தைத் தொட்டால் கீறல் விழும் என்பதால் கடைசி மெல்லிய அடுக்குக்கு இதைப் பயன்படுத்தாமல் ஹீட் கன்னுக்கு மாறிவிடுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். கருகிய எபாக்ஸி எடுப்பதற்கு இன்னும் மோசம், அந்தப் புகையும் மூச்சுக்கு ஆகாது.

வரிசையும் முக்கியம். முதலில் அசிட்டோனால் ஓரத்துச் சூப்பர் க்ளூவை முழுக்க எடுங்கள். அதற்குச் சூடு காட்டினால் கண்ணை எரிக்கும் ஆவி வரும். பிறகு பஞ்சு, கிண்ணம், புட்டி எல்லாவற்றையும் அறையைவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டபின்தான் ஹீட் கன்னைத் தொட வேண்டும். அசிட்டோனின் தீப்பற்று நிலை சுமார் -20 டிகிரி, ஆவி காற்றைவிடக் கனம். மேசையில் இல்லையென்றால் தரையில் தேங்கியிருக்கும்.

பி.சி.பி. ரைஃபிள் (முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சிலிண்டரில் வைத்திருப்பது) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கூடாது. காற்று நிரம்பிய சிலிண்டருக்குச் சூடு காட்டுவது உயிரோடு விளையாடுவது. காற்றை முழுக்க வெளியேற்றியிருந்தாலும் சிலிண்டர் மேல் ஹீட் கன் வேண்டாம் என்பதே என் கட்சி. அங்கே ஒட்டிய எபாக்ஸியைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

---

கரும்பொன் எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? 0000 ஸ்டீல் வுல் (மிக நுண்ணிய எஃகு நார்), அதில் துப்பாக்கி எண்ணெய் நாலு சொட்டு, மெதுவாகத் தேய்த்தால் மெல்லிய பசை போய்விடும். புளூயிங் மேல் உள்ள துருவை எல்லோரும் இப்படித்தானே எடுக்கிறார்கள்.

---

நீலச்சுடர் எழுதியது:

துருவுக்குச் சரி, பசைக்கு இல்லை. துரு பூச்சைவிட மென்மையாக, தனித்தனித் துகளாக இருக்கிறது. வுல் அதைப் பிடித்து இழுத்துவிடும். பசைத் திட்டு மேடாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. வுல் அதன்மேல் வழுக்கி, அதைச் சுற்றியுள்ள புளூயிங்கைத்தான் முதலில் தேய்க்கும். பசை தீரும் நேரத்தில் சுற்றிலும் ஒரு வளையம் போல மெருகு மாறியிருக்கும். மங்கலான புளூயிங்கில் கண்ணில் படாது. கேட்டவருடையது பளபளப்பானது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். எல்லாம் எடுத்தபின் கடைசியில் மிஞ்சும் நிழல் போன்ற படலத்துக்கு, நிறைய எண்ணெயோடு, விரல் பாரம்கூட இல்லாமல் நாலைந்து இழுப்பு என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் அலுமினியம் ஆக்சைடு துகள் உண்டு, வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் தேய்ப்பானே. இரண்டும் வேண்டாம்.

பித்தளைச் சுரண்டி பற்றியும் யாராவது கேட்பார்கள். மேக்னடைட் பித்தளையைவிடக் கடினமானது, ஆகவே கீறலுக்குப் பதிலாகப் பித்தளைதான் தேய்ந்து மஞ்சள் கோடாக ஒட்டும். எண்ணெய்த் துணியில் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பளபளப்பான குழலுக்கு அது போதும். பாஸ்பேட் பூச்சில் வேண்டாம், அந்தச் சொரசொரப்பில் மஞ்சள் அப்பிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

---

கரும்பொன் எழுதியது:

சரி, வளையம் விழும் என்பது நியாயம்தான். தேடி வரும் மற்றவர்களுக்காக வேறு பூச்சுகளையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரிடமும் புளூயிங் இருக்காது.

பாஸ்பேட், அதாவது பார்க்கரைசிங்: அசிட்டோன் தாங்கும். ஆனால் நுண்துளை நிறைந்த பரப்பு, பசை உள்ளே வேர்விட்டிருக்கும். சுரண்டாமல் ஊறவைக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கி, நைலான் பல்துலக்கியால் தேயுங்கள். நிக்கல் முலாம்: அசிட்டோன் பிரச்சினையில்லை. அம்மோனியா உள்ள செம்பு நீக்கிகள்தான் ஆபத்து, நிக்கலுக்கு அடியில் செம்பு அடுக்கு இருந்தால் நுண்துளை வழியே இறங்கி முலாத்தையே உரித்துவிடும். அனோடைஸ் செய்த அலுமினியம்: அசிட்டோன் சரி. காரம்தான் எதிரி. அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரே, காஸ்டிக் சோடா இரண்டும் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். செராகோட் போன்ற பீங்கான் கலந்த பூச்சு, சூட்டில் இறுக்கியதாக இருந்தால் கரைப்பானைத் தாங்கும். ஆனாலும் மறைவிடத்தில் சோதிக்காமல் ஊறவைக்காதீர்கள்.

வண்ண வண்ணமாக மின்னும் கேஸ் ஹார்டனிங் (எஃகின் மேல்தோலை மட்டும் கடினமாக்கிய) பரப்பு மட்டும் தனி. அதன்மேல் வழக்கமாக லாக்கர் இருக்கும், அசிட்டோன் லாக்கரைக் கரைத்துவிடும், அடியிலிருக்கும் நிறமும் மிக மெல்லியது. பழம்பெரும் துப்பாக்கியாக இருந்தால் பசையோடேயே விட்டுவைத்து, பழம்பொருள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல்.

பசை வகைகளில் விட்டுப்போனவை: ஹாட் மெல்ட் என்றால் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டால் பிடி விட்டு முழுத் துண்டாக வந்துவிடும். ஃபோம் டேப்பை நைலான் நூலால் ரம்பம் போல அறுத்துப் பிரித்துவிட்டு, மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம். குளியலறை சிலிகோன் என்றால் எந்தக் கரைப்பானும் முழுக்கக் கரைக்காது, உரித்துத்தான் ஆக வேண்டும். புளிப்பு நெடி அடிக்கும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும் என்பதால், அடியில் துருவோ வெளுத்த புளூயிங்கோ காத்திருக்கும்.

---

மரவரி எழுதியது:

யாரும் கட்டையைப் பற்றிப் பேசவில்லையே. அசிட்டோன் ஒரு சொட்டு லாக்கர் அல்லது அரக்குப் பூச்சு உள்ள வால்நட்டில் விழுந்தால் அந்த இடம் வட்டமாக வெளுத்து நிற்கும். ஒற்றி எடுத்தாலும் தடம் போகாது. திருகுகளைக் கழற்றி உலோகப் பகுதியைக் கட்டையிலிருந்து முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், அசிட்டோன் டேப்பின் பசையையே கரைத்துக்கொண்டு உள்ளே போகும். ஸ்கோப் இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். பாகங்களில் பட்டால் வெடிப்பு விழும். கண்ணாடி இழை கலந்த நைலான் மட்டும் தாங்கும்.

ஸ்டிக்கர் பிசுக்குக்கு அசிட்டோனே வேண்டாம். மினரல் டர்பெண்டைன் அல்லது லைட்டர் எரிபொருள் (நாஃப்தா) பஞ்சில் நனைத்து 5 நிமிடம் வைத்தால் சுருண்டு வரும். அவசரமில்லையென்றால் சாதாரணச் சமையல் எண்ணெயைத் தடவி இரவு முழுக்க விட்டாலும் இளகிவிடும், பிறகு டர்பெண்டைனால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். தாவர எண்ணெய் நாளானால் தானே பிசினாகிவிடும்.

கையுறை: மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடத்தில் ஊடுருவும். பியூட்டைல் ரப்பர் நல்லது. கிடைக்காவிட்டால் நைட்ரைலை அடிக்கடி மாற்றுங்கள்.

---

புதுக்குறி எழுதியது:

சூப்பர் க்ளூ முழுக்கப் போய்விட்டது. சோல்டரிங் அயர்ன் வைத்து எபாக்ஸியிலும் முக்கால்வாசி எடுத்தாயிற்று. ஆனால் எபாக்ஸி போன இடத்தில் குழல் வெள்ளையாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளோடு இருக்கிறது. அயர்ன் முனை படவே இல்லை, மூங்கில்தான் பயன்படுத்தினேன்.

---

திருகாணி எழுதியது:

அது உங்கள் கைங்கரியம் இல்லை. எபாக்ஸி நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று ஒட்டுவதற்கு முன்பே உப்புத்தாளால் தேய்த்திருப்பார்கள். புளூயிங் அன்றே போயிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கோடுகள் எல்லாம் திட்டின் எல்லைக்குள்ளேயே நின்று, ஒரே மாதிரி ஆழத்தில் இருந்தால் உப்புத்தாள்தான்.

புது சைட்டை அதே இடத்தில் வைப்பதாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மிச்ச எபாக்ஸியை எடுத்து, எண்ணெய் நீக்கி, அங்கேயே ஒட்டுங்கள். வெறுமனே விடுவதாக இருந்தால் கோல்ட் புளூ (சூடான தொட்டியில்லாமல் தடவியே எஃகைக் கறுக்க வைக்கும் திரவம்) போட்டுக்கொள்ளலாம். அசிட்டோனால் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, குழலை வெதுவெதுப்பாக்கி, பஞ்சுக் குச்சியால் வெள்ளைப் பகுதிக்குள் மட்டும் தடவி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் விட்டு, தண்ணீரால் நிறுத்தி, துடைத்து, 0000 வுல்லால் மிக லேசாக நீவி, மறுபடி தடவுங்கள். மூன்று நான்கு அடுக்கில் கறுக்கும். சுற்றியுள்ள பழைய புளூயிங் மேல் வழிய விடக் கூடாது, அதிலுள்ள அமிலம் அதை மங்கலாக்கும். பெரும்பாலான கோல்ட் புளூ செலினியம் சேர்ந்தது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நிறம் தூரத்திலிருந்து ஒத்துப்போகும், அருகில் பார்த்தால் கொஞ்சம் சாம்பலாகத்தான் இருக்கும். பழைய புளூயிங்கோடு இரண்டறக் கலக்க வேண்டுமென்றால் குழல் முழுவதையும் மறுபடி புளூயிங் செய்வதைத் தவிர வழியில்லை.

எண்ணெயைத் தள்ளிப்போடாதீர்கள். அசிட்டோன் ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர வைக்கும், ஈரப்பதமான காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி போல நீர் படியும், அங்கே எண்ணெயும் இல்லை. காலையில் பார்த்தால் செம்புள்ளி. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், பசை பாதி மிச்சமிருந்தாலும், கையால் தொட்டால் குழல் அறை வெப்பத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் மெல்லிய எண்ணெய் தடவுங்கள். அடுத்த நாள் தொடரும்போது அந்த எண்ணெயை அசிட்டோன் எடுத்துவிடும், நஷ்டமில்லை. கோல்ட் புளூ போட்ட இடத்துக்கு எண்ணெய் தடவி ஒரு இரவு விட்டு, மறுநாள் துடைத்து இன்னொரு முறை தடவுங்கள். குழல் வாய்க்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே எண்ணெய்த் துணியைத் தள்ள வேண்டாம், ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளுக்கு உள்ளே எண்ணெய் எதிரி.